கருத்துச் சொல்ல எட்டு வாரம்
இங்கிலாந்தில் வீடு கட்ட அனுமதி தருவது உள்ளாட்சி மன்றம். ஆனா, அதற்கான தேசியக் கொள்கையை எழுதுவது மத்திய அரசு. 2024 ஜூலை 30-ல் அதற்குத் திருத்த வரைவு வந்தது: ஆண்டுக்குச் சுமார் 3.7 லட்சம் வீடுகள், ஒவ்வொரு மன்றத்துக்கும் கட்டாய இலக்கு.

மன்றங்களில் விவாதம் சூடுபிடித்தது. பள்ளிக்கூடம், ரோடு இல்லாம வீடு மட்டும் கட்டினா எப்படி என்றனர் சிலர். வாடகை கட்டியே ஓயும் இளைஞர்கள் எங்கே போவார்கள் என்றனர் வேறு சிலர். இரண்டுமே நியாயமான கேள்விதான்.

மன்றம் தீர்மானம் போட்டுக் கொள்கையை நிறுத்த முடியாது. செப்டம்பர் 24-க்குள் கருத்து அனுப்ப முடிந்தது, அவ்வளவுதான். குடிமக்களாலும் ஆன்லைனில் தனியாக அனுப்ப முடிந்தது.

சிக்கல் இன்னொன்றும் உண்டு. ஐந்தாண்டு வீட்டுத் தேவைக்கான நிலத்தைக் காட்டாத மன்றம் அனுமதி மறுத்தால், மேல்முறையீட்டில் கட்டுமான நிறுவனத்தின் கை ஓங்கும்.

டிசம்பர் 12-ல் வந்த இறுதிக் கொள்கையிலும் கட்டாய இலக்கு நீடித்தது.