கவுண்டி நிர்வாகத்துக்கு ஆலோசனை கூறும் விவசாய சபைகள்

ஒரு நிலத்தின் குணம், அதன் வடிகால், அதில் எப்பயிர் தேறும் என்பவற்றை நன்கறிந்தவர் அதனை உழுது பயிரிடுகிறவரே. ஆயினும் சாலை போடுதல், மனை பிரித்தல், வரி விதித்தல் முதலிய காரியங்களில் முடிவு செய்வோர் கச்சேரியில் அமர்ந்திருப்பவர்களாவர். இவ்விரு சாராருக்கும் இடையே கிரமமான வழியொன்று இல்லாவிடில், நல்ல விளைநிலம் அறியாமையினாலேயே அழிந்துபோகக் கூடும். வீடும் கற்சாலையும் ஒரு முறை ஏறிய மண் மறுபடி வயலாவது அரிது. இக்குறையை நீக்கும்பொருட்டு ஐக்கிய அமெரிக்க நாட்டின் நியூயார்க் மாகாணத்தார் செய்துள்ள ஏற்பாடு, நிலச்சுவான்தார்களும் கிராமாதிகாரிகளும் அறியத்தக்கதாகும்.

சபையின் தோற்றம்

கவுண்டி என்பது ஜில்லாவை ஒத்ததும், பெரும்பாலும் அதனினும் சிறியதுமான ஒரு நிர்வாகப் பிரிவு. ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை அதனை நிர்வகிக்கிறது. 1971-ஆம் ஆண்டில் இம்மாகாணத்தில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, பயிர்த்தொழில் நிலைத்திருக்க வேண்டிய பிரதேசங்களை 'விவசாய வட்டாரம்' என்று வகுப்பதற்கு இடமுண்டாயிற்று. இவ்விஷயத்தில் கவுண்டி சபைக்கு யோசனை சொல்ல அப்போதே ஒரு கமிட்டி இருந்தது. 1992-ஆம் ஆண்டுச் சட்டம் அதன் ஸ்தானத்தில், அதிகக் கடமைகளை உடைய 'விவசாய, விளைநிலப் பாதுகாப்புச் சபை'யை ஏற்படுத்திற்று.

அங்கத்தினர்

சபையின் அங்கத்தினர் பதினொருவர். அவர்களாவார்:

1. தாமே பயிர் செய்யும் விவசாயிகள் நால்வர்.
2. விவசாயத்தைச் சார்ந்த வியாபாரம் செய்பவர் ஒருவர்.
3. விளைநிலப் பாதுகாப்புச் சங்கத்தின் பிரதிநிதி ஒருவர்.
4. மண், நீர்ப் பாதுகாப்பு வட்டாரத்தின் அக்கிராசனர்.
5. கவுண்டி சபை அங்கத்தினர் ஒருவர்.
6. விவசாயப் போதனை உத்தியோகஸ்தர் ஒருவர்.
7. கவுண்டியின் நிர்மாணத் திட்ட அதிகாரி.
8. நிலவரி இலாகாவின் தலைவர்.

முதல் மூன்று வகையினரைக் கவுண்டி சபையின் தலைவர் நியமிக்கிறார். அவர்களுடைய காலம் நான்கு ஆண்டு. அங்கத்தினர்க்குச் சம்பளம் கிடையாது. உழுபவர், வரைபடம் வரைபவர், வரிக் கணக்கு வைப்பவர் ஆகிய மூவரும் ஒரே மேஜையைச் சுற்றி அமர்வதே இவ்வமைப்பின் சிறப்பு. உதாரணமாக, வரைபடத்தில் தரிசு என்று குறிக்கப்பட்ட நிலம், உண்மையில் கால்நடைத் தீவனத்துக்காகப் புல் அறுக்கப்படும் நிலமாக இருக்கலாம். இதனை அண்டை நிலத்து விவசாயி சொன்னாலன்றித் திட்ட அதிகாரிக்குத் தெரிய வழியில்லை.

வேலை முறை

வட்டாரம் வகுக்க விரும்பும் நிலச் சொந்தக்காரர்கள் கவுண்டி சபைக்கு மனுச் செய்துகொள்ள வேண்டும். மனுதாரர்கள் குறைந்தது 250 ஏக்கர், அல்லது உத்தேச வட்டாரத்தின் பத்தில் ஒரு பங்கு, இவற்றுள் எது அதிகமோ அவ்வளவு நிலம் உடையவர்களாயிருத்தல் அவசியம். சபை அதனைப் பிரசுரம் செய்து, திருத்தங்கள் கூற 30 நாள் தவணை அளிக்கும். பின்னர் மனு ஆலோசனைச் சபைக்கு அனுப்பப்படும். அப்பிரதேசத்தின் விவசாயம் எத்தன்மையது, கவுண்டி முழுமைக்கும் அதனால் விளையும் பயன் யாது என்பவற்றை ஆராய்ந்து, ஆலோசனைச் சபை தன் அபிப்பிராயத்தை அறிக்கையாகத் தருகிறது. அதன்பின் பகிரங்க விசாரணை நடைபெறும். கவுண்டி சபை முடிவு செய்து மாகாண விவசாயக் கமிஷனரின் அத்தாட்சிக்கு அனுப்பும். வகுத்த வட்டாரமும் குறித்த கால இடைவெளியில் மறுபடி பரிசீலிக்கப்படுகிறது. எட்டாண்டுக்கு ஒரு முறை என்பது வழக்கமான தவணையாகும். இடையில் சேர விரும்புவோர்க்காக ஆண்டுதோறும் 30 நாள் வாய்ப்பும் உண்டு.

மேலும், பொது ஸ்தாபனமொன்று வட்டாரத்தினுள் ஒரே பண்ணையிலிருந்து ஒரு ஏக்கருக்கு மேலாகவோ, மொத்தம் பத்து ஏக்கருக்கு மேலாகவோ நிலம் எடுக்கக் கருதினால், கமிஷனருக்கும் இச்சபைக்கும் முன்னறிவிப்புக் கொடுக்கக் கடமைப்பட்டது. ஆகவே, அளவுக் கல் நட்ட பிறகு செய்தி அறியும் அவலம் விவசாயிக்குக் குறைகிறது.

வரிச் சலுகையும் தண்டமும்

ஏழு ஏக்கருக்குக் குறையாத நிலத்தில் ஆண்டுக்குச் சராசரி 10,000 டாலருக்குக் குறையாமல் விளைபொருள் விற்பவர், மனை மதிப்புக்கு அன்றி விவசாய மதிப்புக்கு மட்டும் வரி செலுத்தும் சலுகையைக் கோரலாம். இச்சலுகை பெற்ற வட்டார நிலத்தை ஐந்தாண்டுக்குள் வேறு காரியத்துக்கு மாற்றினால், கடைசி ஆண்டில் மிச்சமான வரியைப்போல் ஐந்து மடங்கும், அதற்கு நூற்றுக்கு ஆறு வட்டியும் கட்ட வேண்டும். ஒருவர்க்குக் கடைசி ஆண்டில் மிச்சமானது 600 டாலர் என்று கொண்டால், தண்டம் 3,000 டாலரும் வட்டியுமாகும். எனவே சலுகை கோருமுன் தம் குடும்பத்தின் பிற்காலத் தேவைகளையும் யோசித்தல் புத்திசாலித்தனம்.

அதிகாரத்தின் எல்லை

இச்சபை கூறுவது யோசனையே அன்றி உத்தரவு அன்று. வரி விதிக்கவோ, நிலத்தைத் தடுத்து வைக்கவோ அதற்கு அதிகாரமில்லை. கவுண்டி சபை அதன் அபிப்பிராயத்தைத் தள்ளிவிடவும் கூடும். எனினும் காரணங்களோடு எழுத்தில் நிற்கும் அறிக்கையை அடியோடு புறக்கணிப்பது, ஜனங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களுக்கு எளிதன்று. காரணம் காட்டாத அறிக்கையோ வெறுங் காகிதமே.

கவனிக்கத்தக்கவை

இவ்வேற்பாட்டினின்று ஆலோசனைச் சபை எதற்கும் பொருந்தும் சில விதிகள் பெறப்படுகின்றன.

1. எந்த விஷயத்தில், யாருக்கு யோசனை சொல்வது என்பது எழுத்தில் வரையறுக்கப்பட வேண்டும்.
2. அங்கத்தினருள் தொழில் செய்பவர் கணிசமாக இருத்தல் வேண்டும். உத்தியோகஸ்தர் மட்டும் கூடினால் அது கச்சேரியின் மறுவடிவே.
3. முடிவு செய்யப்படுமுன் சபையின் அபிப்பிராயம் கேட்கப்பட வேண்டும். முடிவுக்குப்பின் கேட்பது உபசாரமேயாகும்.
4. அங்கத்தினர், தம் சொந்த நிலம் சம்பந்தப்பட்ட விஷயம் வரும்போது அதை வெளிப்படையாகத் தெரிவித்துவிடுதல் நலம்.
5. குறித்த தவணையில் பழைய தீர்மானங்களை மீண்டும் பரிசீலித்தல் அவசியம்.

சபை எவ்வளவு நன்றாக அமைந்திருந்தபோதிலும், விவசாயிகள் விசாரணைக்கு வராமல் வீட்டிலிருந்துவிட்டால் அதனால் பயனில்லை. அறிவிப்பு வெளியான 30 நாட்களுக்குள் தம் நிலத்தின் விவரங்களை எழுதிக் கொடுப்பவரின் குரலே அறிக்கையில் இடம் பெறும்.