திரையில் எழுதும் கணக்கு

பாடத்தில் ஐயம் எழுந்தால் நண்பரிடம் கைப்பேசியில் கேட்கிறோம். ஆனால், கணக்குப் பாடம் என்றால் மட்டும் பலர் தட்டெழுதுவதில்லை. தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகின்றனர். அதைச் சோம்பல் என்று சொல்ல முடியாது. தட்டெழுதும்போது சில சமயம் கணக்கே மாறிவிடுகிறது.

10⁶ என்பது ஒரு மில்லியன். மேலே உள்ள சிறிய 6 கீழே இறங்கிவிட்டால் அது வெறும் 106. தொகுதி 6, பகுதி 2+1 என்று மேலும் கீழுமாக எழுதிய பின்னத்தின் விடை 2. அதையே அடைப்புக்குறி இல்லாமல் 6/2+1 என ஒரே வரியில் எழுதினால் விடை 4. வர்க்கமூலக் குறியின் மேல்கோடு 9+16 முழுவதையும் மூடினால் விடை 5. 9ஐ மட்டும் மூடினால் 19. எண்கள் அவையே. அவை நிற்கும் இடம்தான் வேறு.

கட்டுரையின் சொற்கள் இடமிருந்து வலமாக ஒரே வரிசையில் செல்கின்றன. சமன்பாடு மேலும் கீழும் விரிகிறது. ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்தில், கணித நூலை அச்சுக்கோக்கத் தனித் திறமை வேண்டியிருந்தது. பின்னர் அச்சுமுறை மாறியது, தரம் குறைந்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் கனூத், 1977இல் தம் நூலின் மறுபதிப்புக்கு வந்த அச்சுப்படிகளைப் பார்த்து மனம் வருந்தினார். வேறு அச்சகத்தைத் தேடாமல், நூலை அழகாக அடுக்கும் கணினி நிரலை அவரே எழுதத் தொடங்கினார். ‘டெக்’ எனப்படும் அந்நிரலின் முதல் வடிவம் 1978இல் வெளிவந்தது. அதை எல்லாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம்.

டெக்கில் நாம் படம் வரைவதில்லை. ‘இது பின்னம், இது அதன் தொகுதி, இது பகுதி’ என்று குறிப்புச் சொற்களால் தெரிவிக்கிறோம். கோட்டின் நீளம், எண்ணின் அளவு, இடைவெளி ஆகியவற்றை நிரல் கணக்கிடுகிறது. இணையம் பரவிய பிறகும் இந்த முறையே கைகொடுத்தது. தொடக்கத்தில் இணையப் பக்கங்களில் சமன்பாடுகளைப் படங்களாக ஒட்டினார்கள். பெரிதாக்கினால் படம் மங்கியது. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பார்வையற்றோருக்கு உரக்கப் படித்துக் காட்டும் திரைவாசிப்பு மென்பொருளால் படத்திற்குள் இருந்த கணக்கைப் படிக்க முடியவில்லை. இணையப் பக்கத்திலேயே சமன்பாட்டை எழுதும் ‘மேத்எம்எல்’ என்ற முறை 1998இல் ஏற்கப்பட்டது. ஆயினும், குரோம் உலாவி 2023இல்தான் அதை முறையாகக் காட்டத் தொடங்கியது.

தமிழைப் பொறுத்தவரை, கணக்கிற்கு முன்பே எழுத்துகளைத் திரையில் ஏற்ற வேண்டியிருந்தது. 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளில் தாங்கிய இணையத்தளம் ஒன்று தொடங்கப்பட்டது. அதில் தமிழ் இடம்பெற உழைத்தவர்களுள் முதன்மையானவர், எழுத்தாளரும் தேசியக் கல்விக்கழக விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி. அவர் உருவாக்கிய மென்பொருளின் பெயர் ‘கணியன்’. கணித்துச் சொல்பவன் என்பது அச்சொல்லின் பொருள், பொருத்தமான பெயர்தான். அக்காலத்தில் ஓர் எழுத்துருவில் எழுதிய தமிழை, அதே எழுத்துரு இல்லாத கணினியில் படிக்க இயலாது. உலகின் எல்லா எழுத்துகளுக்கும் தனித்தனி எண் வழங்கும் ஒருங்குறி பரவிய பிறகே இச்சிக்கல் தீர்ந்தது.

ஆனால், பழந்தமிழ்க் கணக்கு வெளியிலேயே நின்றது. நம் முன்னோர் பின்னங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவில்லை. ஒவ்வொரு பின்னத்திற்கும் ஒரு பெயரும் குறியும் வைத்திருந்தனர். 1/320 முந்திரி, 1/80 காணி, 1/20 மா. மாவையும் காணியையும் கூட்டினால் மாகாணி, அதாவது 1/16. அதற்கு வீசம் என்றும் பெயர். ‘முக்காலே மூன்று வீசம்’ என்று தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். 3/4உடன் 3/16ஐக் கூட்டிப் பாருங்கள், 15/16 வரும். ஏறக்குறைய முழுவதும் என்பதற்கு எவ்வளவு துல்லியமான தொடர்!

கால் என்னும் பின்னத்தின் குறி ‘வ’ என்ற எழுத்தைப் போலவே இருக்கும். பழைய நிலக்கணக்கைத் தட்டெழுதுபவர் அந்த இடத்தில் ‘வ’ என்று எழுதினால், அது எழுத்தா கால் பங்கா என்று கணினிக்குத் தெரியாது. படமாக ஒட்டினால், தேடினாலும் கிடைக்காது. ஏட்டுச்சுவடிகளையும் கணக்கேடுகளையும் மின்வடிவில் பாதுகாக்க முயல்வோருக்கு இது பெருந்தடை. 2019 மார்ச்சில் வெளியான ஒருங்குறியின் 12ஆம் பதிப்பில், பின்னங்கள், அளவைகள், கணக்குக் குறியீடுகள் என 51 தமிழ்க் குறிகள் சேர்க்கப்பட்டன. வரிசையில் முதலில் நிற்பது முந்திரி.

இன்று உங்கள் கைப்பேசியில் அக்குறிகளைத் தேடினால் வெற்றுக் கட்டங்கள் தோன்றக்கூடும். குறிக்கு எண் கிடைத்துவிட்டது. அதற்கு வடிவம் தரும் எழுத்துரு அந்தக் கருவியில் இல்லை என்பதே அதன் பொருள். ‘நோட்டோ’ எழுத்துருக்களில் இவற்றுக்கென்றே இலவசமான ஒன்று இருக்கிறது. அதை ஒரு கணினியில் நிறுவிவிட்டு அதே பக்கத்தை மீண்டும் திறந்தால், கட்டங்கள் இருந்த இடத்தில் காணியும் மாவும் வந்து நிற்கும்.