தளிர் சிவப்பாக இருக்கும்போதே

கேள்வி: எங்கள் பக்கத்துப் பழைய தோட்டத்தில் மிச்சமிருக்கும் ரப்பர் மரங்கள் பிப்ரவரி, மார்ச்சில் இலையெல்லாம் கொட்டிவிட்டுச் செம்புநிறத் தளிர் விடுகின்றன. பிறகுதான் பச்சை ஏறுகிறது. பசுங்கணிகத்துக்குள் தனி டி.என்.ஏ. உண்டு என்கிறார்கள். வெயில் பட்டுப் பச்சையான பிறகுதான் அது நகலெடுக்கத் தொடங்குமா? எந்த இடத்திலிருந்து தொடங்கும்?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: மரத்தை அண்ணாந்து பார்த்தவர் கேட்கும் கேள்வி, ஐயா. பாடநூலில் இதற்கு நேரடியாகப் பதில் கிடைக்காது.

முதலில் வெயில் கணக்கைத் தள்ளிவிடுவோம். தளிரின் செம்பு நிறம் ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமியால் வருவது. பச்சையம் சேருவதற்கு முன்பே, மொட்டிலேயே, நகலெடுப்பு மும்முரமாகிவிடும். மொட்டுச் செல்களில் இருப்பவை முன்கணிகங்கள், அதாவது பின்னால் பசுங்கணிகமாகப் போகும் நிறமற்ற சிற்றுறுப்புகள். ஒரு செல்லுக்குப் பத்து இருபது இருக்கும். கணிகம் புதிதாக முளைப்பதில்லை. இருப்பது பிளந்துதான் பெருகும். உங்கள் மரம் ஒட்டுக்கட்டியது என்றால், ஒட்டிய அந்த ஒரு கண்ணில் இருந்த கணிகங்களே கிளையெங்கும் உள்ளவற்றுக்கு மூதாதை.

பச்சை வேண்டியதில்லை என்பதற்குப் பார்லியில் சாட்சி உண்டு. அதன் ஒரு திரிபு வகையில் சில இலைகள் முழு வெள்ளையாகவே வளரும். அவற்றின் கணிகங்களில் ரைபோசோம், அதாவது புரதம் கட்டும் நுண்ணுறுப்பு, கிடையாது. ஆனாலும் டி.என்.ஏ. இருக்கிறது. சொந்தமாக ஒரு புரதமும் செய்யத் தெரியாத கணிகத்துக்கு நகலெடுக்கும் நொதிகள் எங்கிருந்து வந்தன? செல்லின் உட்கருவில் உள்ள மரபணுக்களின் உத்தரவில் வெளியே தயாராகி உள்ளே போனவை அவை. டி.என்.ஏ. தனி என்பதால் நிர்வாகமும் தனி என்று நினைத்துவிடுகிறோம். பால்வெட்டு நடப்பது காட்டில்தான். கத்தியும் வாளியும் ஆபீஸ் ஸ்டோரிலிருந்து வந்தாக வேண்டுமே!

இனி, தொடங்கும் இடம். ரப்பர் மரத்தின் பசுங்கணிக டி.என்.ஏ. முழுவதும் 2011-இல் வெளியானது: 1,61,191 எழுத்து இணைகள். ஆனால் நகலெடுப்பின் தொடக்கத்தைக் கண்ணால் கண்டது பட்டாணியில். 1975-இல் கலிபோர்னியாவில் கோலோட்னரும் திவாரியும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வட்ட டி.என்.ஏ.வைப் பார்த்தபோது, இரண்டு இடங்களில் இழைகள் பிரிந்திருந்தன. ஓர் இழையை அச்சாக வைத்துப் புது இழை வளர, மற்றப் பழைய இழை ஒதுங்கி நிற்கும். இதுதான் இடப்பெயர்ச்சி வளையம். ஏறத்தாழ 7,000 இணை இடைவெளியில், எதிரெதிர் இழைகளில் இருந்தன அந்த இரு வளையங்கள். அவை ஒன்றையொன்று நோக்கி நீண்டு சந்தித்ததும் நகலெடுப்பு இரு திசையிலும் வட்டம் முழுக்க ஓடும் என்று இருவரும் விளக்கினார்கள்.

புகையிலை வந்து இதைக் குழப்பியது. அதிலும் இப்படி இரு தொடக்க இடங்கள் அடையாளம் காணப்பட்டிருந்தன. ஜெர்மன் ஆய்வாளர்கள் அவற்றை நீக்கியும் மாற்றியும் பார்த்தார்கள், நகலெடுப்பு நின்றுவிடவில்லை. மக்காச்சோளத்தை ஆராய்ந்த ஓல்டன்பர்க், பெண்டிச் இருவரும் 2004-இல் இன்னும் ஒரு படி போனார்கள். வட்டங்களைவிடக் கிளைவிட்ட நீள இழைகளே அவர்களுக்கு அதிகம் கிடைத்தன. அறுந்த ஒரு முனை, அதே எழுத்து வரிசையுள்ள இன்னொரு பிரதிக்குள் நுழைந்து அதை அச்சாக்கி வளர்கிறது என்பது அவர்கள் வாதம். இதற்கு மறுசேர்க்கை வழி என்று பெயர். இங்கே குறித்த இடம் தேவையில்லை, உடைந்த முனை எங்கே இருக்கிறதோ அங்கேயே தொடக்கம்.

என் சாய்வு இந்தப் பக்கம்தான். புகையிலை பிழைத்துக்கொண்டதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் எனக்குப் படவில்லை. அதற்காகப் பட்டாணியின் வளையங்கள் பொய்யாகிவிடாது. ஒரே செடியில் இரண்டு வழிகளும் இயங்கத் தடையொன்றும் இல்லை.