நாக்கை விட்டுவிடுங்கள்

“நாக்குக்கு அடியில ஒட்டியிருக்காம் மேடம், அறுத்துவிட்டா திக்கு போயிருமாமே?” ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் தொடங்கி ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதி வரை இதே கேள்விதான். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற எனக்குப் பதில் சொல்லியே வாய் வலிக்கிறது. போகாது. அறுத்தாலும் போகாது, வழித்தாலும் போகாது.

அடிநாக்கு ஒட்டியிருந்தால் ர, ல சரியாக வராமல் போகலாம். அது வேறு சங்கதி. திக்குகிற பிள்ளைக்கு எல்லா எழுத்தும் வரும். நினைத்த நொடியில் வராது, அவ்வளவுதான். நம்பாதவர்கள் மார்கழியில் ஆண்டாள் கோயில் பக்கம் போய்ப் பாருங்கள். பெயரைக் கேட்டால் “மு... மு... மு...” என்று கண்ணை இறுக்கி மூடுகிற பையன், மற்ற பிள்ளைகளோடு சேர்ந்தால் திருப்பாவை முப்பதையும் மளமளவென்று சொல்லிவிடுவான். வாயில் இருப்பது அதே நாக்குதானே? கூட்டாகச் சொல்லும்போதும் பாடும்போதும் திக்கு அநேகமாக மறைந்துவிடும். அடுத்தவர் குரல் தாளம் எடுத்துக் கொடுக்கிறது. தனியே பேசும்போது அந்தத் தாளத்தை மூளையே போட்டாக வேண்டும்; சிக்கல் அங்கேதான்.

இடப்பக்க மூளையில், வாயசைவை நடத்தும் பகுதிக்கு அடியில் ஓடும் நரம்பிழைகள் திக்கும் பிள்ளைகளுக்குச் சற்று வலுக்குறைந்திருப்பதை சூ-யுன் சாங் குழுவினர் 2008-இல் ஸ்கேனில் கண்டார்கள். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டீன் வெபர் குழுவினர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 4, 5 வயதுப் பிள்ளைகளின் தலையில் மின்வாய்த் தொப்பியை மாட்டி, கார்ட்டூன் ஓடவிட்டு வாக்கியங்களைக் கேட்கவைத்தார்கள். பிள்ளைகள் வாயே திறக்கவில்லை. அப்போதும் திக்கும் பிள்ளைகளின் மூளை அலைகளில் வித்தியாசம் தெரிந்தது. இதில் கத்திக்கு என்ன வேலை?

மற்ற கதைகள்: வசம்பு தேய்த்தால் நாக்கு எரியும், திக்கு போகாது. கூழாங்கல்லை வாயில் போட்டுப் பேசவைத்தால் அது தொண்டையில்தான் சிக்கும். திக்குபவரோடு பழகினால் ஒட்டிக்கொள்ளாது. ஆனால் குடும்பவழியாக வரும், 2010-இல் மரபணுவையே கண்டுபிடித்துவிட்டார்கள். ராஜபாளையம் ராஜூக்கள் வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், பள்ளியில் இங்கிலீஷ் என்பதால் வருகிறது என்கிறார்கள். ஒரே மொழி பேசும் ஊர்களிலும் பிள்ளைகள் திக்கத்தான் செய்கிறார்கள். தெலுங்கு பேசும் அம்மம்மாவின் வாயை அடைக்காதீர்கள்.

நூறு பிள்ளைகளில் ஐந்து பேராவது 2 முதல் 5 வயதுக்குள் திக்கத் தொடங்குவார்கள். பெரும்பாலோருக்குத் தானாகவே சரியாகிவிடும். ஆறு மாதம் தாண்டியும் நீடித்தாலோ, வீட்டில் வேறு யாருக்காவது இருந்தாலோ, அரசு மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சியாளரைக் கேளுங்கள். “மெதுவாப் பேசு” என்று அதட்டுவதற்குப் பதில் நீங்கள் மெதுவாகப் பேசுங்கள்.

தலைமையாசிரியர்களுக்கு ஒன்று. காலையில் வருகைப் பதிவின்போது “உள்ளேன் ஐயா” என்ற இரண்டு வார்த்தைக்காக வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். கையைத் தூக்கினால் போதும் என்று ஜூனில் பள்ளி திறக்கும் அன்றே வகுப்பு முழுவதற்கும் சொல்லிவிடுங்கள்.