பெயர் கேட்டால் யார் பதில் சொல்வது?

கேள்வி: என் கணினியில் டிஎன்எஸ் முகவரியை 8.8.8.8 என்று மாற்றச் சொல்கிறான் மகன். மாற்றலாமா?
– வாசகர், காஜாங்

பதில்: தாராளமாக மாற்றலாம். ஆனால் என்ன மாறுகிறது என்று தெரிந்துகொண்டு மாற்றுங்கள்.

நீங்கள் ஓர் இணையதளப் பெயரைத் தட்டியதும், கணினி முதலில் தன்னிடமுள்ள ‘ஹோஸ்ட்ஸ்’ கோப்பைப் பார்க்கும். அங்கே இல்லையென்றால் டிஎன்எஸ் சர்வரிடம் அதன் எண் முகவரியைக் கேட்கும். வழக்கமாக அது உங்கள் இணையச் சேவை நிறுவனத்தின் சர்வர். 8.8.8.8 கூகுளுடையது, 1.1.1.1 கிளவுட்ஃபிளேருடையது.

எண்ணை மாற்றினாலே போதும் என்று நம்பிவிடாதீர்கள். 2024 செப்டம்பரில், இந்தப் பொது சர்வர்களுக்குப் போகும் கேள்விகளைத் தங்கள் சர்வருக்கே திருப்பும்படி சேவை நிறுவனங்களுக்கு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் உத்தரவிட்டது. சூதாட்டம் போன்ற தீங்கான தளங்களிலிருந்து மக்களைக் காப்பதே நோக்கம் என்றது. எதிர்ப்பு கிளம்பவே, செப்டம்பர் 8 அன்று அமைச்சர் ஃபாமி ஃபட்சில் அதைத் தொடர வேண்டாம் என்றார். அது நல்ல முடிவு என்பதே என் கருத்து. சாதாரண டிஎன்எஸ் கேள்வி மறையாக்கம் இல்லாமல் போகிறது. வழியில் திருப்பினாலும் உங்கள் திரையில் 8.8.8.8 என்றுதான் தெரியும்.

ஆகவே பிரவுசர் அமைப்பில், கேள்வியை மறையாக்கம் செய்து அனுப்பும் ‘செக்யூர் டிஎன்எஸ்’ஸையும் இயக்குங்கள். அப்போதும் நீங்கள் தேடும் பெயர்கள் கூகுளுக்குத் தெரியும். அலுவலக லேப்டாப்பில் மட்டும் கை வைக்காதீர்கள். உள் சர்வர்களின் பெயர்கள் அலுவலக டிஎன்எஸ்ஸுக்குத்தான் தெரியும்.