மடிக்கணினி வாங்குமுன்

மடிக்கணினியில் எது சிறந்தது என்று புதிய மாணவர்கள் என்னை வினவுகின்றனர். எந்த வேலைக்கு என்று நான் திருப்பிக் கேட்கிறேன்.

தேசிய நூலகம் அமைந்துள்ள அலிப்பூரில் தங்கிப் பயில வந்தபோது, தந்தையார் கடன் பெற்று அனுப்பிய பணத்துடன் சாந்தினி சௌக் கடைத்தெருவுக்குச் சென்றேன். ஆற்றல் மிக்கதே மேலானது என்றெண்ணி, விளையாட்டுக்கென அமைந்த வகையை வாங்கினேன். எடை இரண்டரைக் கிலோ! பேருந்து நெரிசலில் தோள் நொந்தது. பிற்பகல் வகுப்புக்குமுன் மின்கலம் ஓய்ந்தது. நான் அதில் செய்ததோ கட்டுரை எழுதுதலும் பாடம் படித்தலுமே.

வகைகளை மூன்றாகக் கொள்ளலாம்.

1. மெல்லிய வகை: ஏறக்குறைய 1.3 கிலோ. எழுத, படிக்க, காணொளிப் பாடம் காண ஏற்றது. 8 ஜிபி நினைவகம் போதும்.

2. விளையாட்டு வகை: தனி வரைகலை அட்டை உடையது. முப்பரிமாண வரைபடம், படத்தொகுப்புப் பயில்வோர்க்கு உதவும்.

3. குரோம்புக்: விலை குறைவு; ஆயினும் பெரும்பாலும் இணையத்தையே சார்ந்தது.

மின்கலக் கணக்கும் எளிதே. வாட்-மணியை வாட்டால் வகுத்தால் நேரம் கிடைக்கும். 50 வாட்-மணிக் கலம், 10 வாட் செலவிடும் கணினிக்கு 5 மணி நேரம் வரும்; 25 வாட் செலவிடுவதற்கு 2 மணி நேரமே.

ஆகவே நண்பர்களே, கடைக்குச் செல்லுமுன் உங்கள் ஒருநாள் வேலையைத் தாளில் எழுதிப் பாருங்கள். செலவாவது பெற்றோரின் உழைப்பு என்பதை மறவாதீர்கள்.