மணலில் எழுதிய மாணவர்

பாலக்காட்டு மாவட்டத்தின் நல்லேப்பிள்ளி, சித்தூர் வட்டத்தைச் சேர்ந்தது. சித்தூரின் பெயரால் ஒரு வட்டம் அமைந்திருப்பது போலவே, தமிழ்நாட்டின் மயிலாடுதுறை மாவட்டத்தில் தரங்கம்பாடி என்னும் கடற்கரை ஊரின் பெயராலும் ஒரு வட்டம் உள்ளது. காரைக்காலுக்கு வடக்கே அமைந்த சிறிய ஊர் அது. தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரிடம் 1620-இல் இசைவு பெற்று அங்குக் கோட்டை கட்டியவர்கள் டென்மார்க்கு நாட்டினர். 1845-இல் அவர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டனர். ஆயினும், அவ்வூரின் பெயரை ஐரோப்பிய நூலகங்கள் வரை கொண்டுசென்றவர்கள் அங்குக் குடியேறிய செர்மானியர்களே.

அவர்களுள் முதன்மையானவர் பார்த்தலோமேயு சீகன்பால்கு. செர்மனியின் புல்சுனிட்சு என்னும் சிற்றூரில் 1682-இல் பிறந்தவர். டென்மார்க்கு அரசர் சமயப் பணிக்காக அனுப்ப, 1706 சூலை 9-ஆம் நாள் புளுட்சோ என்னும் நண்பருடன் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். தமிழில் ஓர் எழுத்தும் அவர் அறியார். கற்பதற்கு இலக்கண நூலோ அகராதியோ அவர் கையில் இல்லை.

அவர் கண்டுபிடித்த வழி எளியது. எழுபது வயதை நெருங்கிய திண்ணைப்பள்ளி ஆசிரியர் ஒருவரை, மாணவர்களோடு தம் இல்லத்திற்கே வரச் செய்தார். சிறுவர்கள் தரையில் அமர்ந்து, மணலைப் பரப்பி, விரலால் எழுத்துகளை வரைந்தனர். கல்லூரியில் பயின்ற அந்த இளைஞரும் அவர்களுக்கிடையே அமர்ந்து அவ்வாறே வரைந்தார். பிழையாக வரைந்தால் அழித்துவிட்டு மீண்டும் வரையலாம். மணலுக்கு அது ஒரு வசதி! சில மாதங்களில் அவரால் தமிழில் பேச முடிந்தது.

பின்னர் ஓலைச்சுவடிகளைத் தேடித் தொகுத்தார். 1708-இல் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளுக்கு விளக்கப் பட்டியல் ஒன்றை எழுதினார். அவர் வந்தது தம் சமயத்தைப் பரப்பவே. எனினும் பிறர் நூல்களைப் படிக்காமல் பிறரை அறிய முடியாது என்பதை உணர்ந்திருந்தார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-இல் அவர் எழுதிய செர்மன் நூலை, ஆலே நகரத்துத் தலைவர்கள் அச்சிட மறுத்தனர். அந்நூல் 1867-இல்தான் சென்னையில் அச்சேறியது. கோட்டைத் தலைவரோடு ஏற்பட்ட பிணக்கால் நான்கு மாதம் சிறையிலும் இருந்தார்.

அச்சுக்கூடத்தின் கதை இன்னும் சுவையானது. தமிழில் முதல் அச்சுநூல் தரங்கம்பாடியில் தோன்றியதன்று. 1578-இல் கேரளத்துக் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிடப்பட்டுவிட்டது. ஆனால் அம்முயற்சி நெடுநாள் தொடரவில்லை. ஆலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713-இல் தரங்கம்பாடியை அடைந்தன. அவை மிகப் பெரியவை. சில சொற்களிலேயே பக்கம் நிரம்பிவிடும். தாளோ கப்பலில் வர வேண்டும். ஆகவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தனர். அருகிலுள்ள பொறையாற்றில் தாள் செய்யும் ஆலையும் ஏற்பட்டது. விவிலியத்தின் புதிய ஏற்பாடு 1715-இல் தமிழில் அச்சாகி முடிந்தது. அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஆலேயில் வெளிவந்தது.

1719-இல், முப்பத்தாறாம் வயதில் சீகன்பால்கு மறைந்தார். முந்தைய ஆண்டு அவர் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவருக்குப் பின்னும் செர்மானியர் பலர் அவ்வூருக்கு வந்தனர். ஒரு நூற்றாண்டுக்குப் பின் கேரளத்தில், தலைச்சேரியில் வாழ்ந்து, 1872-இல் மலையாள அகராதியை வெளியிட்ட எர்மன் குண்டர்ட்டும் செர்மானியரே. மலையாளத்துக்கு முன் அவர் கற்ற மொழி தமிழ்.

சொற்பொருள்
இசைவு – ஒப்புதல். பிணக்கு – மனவேறுபாடு. சுவடி – ஓலையில் எழுதிய நூல். வார்த்தல் – உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றுதல்.

பயிற்சி
1. தரங்கம்பாடியில் சிறிய அச்செழுத்துகளை ஏன் வார்த்தனர்?
2. ‘மணலுக்கு அது ஒரு வசதி’ – எது? விளக்குக.
3. ‘அச்சேறியது’ என்பதைச் சொந்தத் தொடரில் அமைக்க.
4. உம் வீட்டில் தமிழை முதலில் எழுதக் கற்பித்தவர் யார்? எதன்மேல் எழுதச் செய்தார்? அவரிடம் கேட்டு ஐந்து தொடர்கள் எழுதுக.